எதிராளியைக் கணக்கெடுப்பது எப்படி? போக்கர் சொல்லித்தரும் கம்ப்யூட்டர் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மவுஸ் பிடித்துப் பழகுவதற்கு முதலில் திறப்பது பெரும்பாலும் சீட்டாட்டமாகத்தான் இருக்கும். 1990ல் வெளிவந்த விண்டோஸ் 3.0 தொகுப்பிலேயே சாலிடேர் என்ற சீட்டு விளையாட்டு இருந்தது. சீட்டை இழுத்து இழுத்து வைக்கும்போதே மவுஸைக் கையாளும் பழக்கமும் வந்துவிடும். ஆனால் சாலிடேர் தனி ஆள் ஆட்டம். எதிரில் யாரும் இல்லை. எதிரில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் கதையே வேறு. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொண்டு நம் ஆட்டத்தை மாற்ற வேண்டும். இதைக் கணக்காகச் செய்வது எப்படி என்பதைப் போக்கர் ஆட்டத்தை வைத்து இந்த மாதம் பார்ப்போம். கம்ப்யூட்டரில் எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தால் போதும்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் கணக்கும் உற்பத்திக் கணக்கும் பார்க்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் டீ நேரத்தில் அங்குள்ள ஃபிட்டர் அண்ணன் ஒருவர் கேட்டார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். ஒரு ரூபா, ரெண்டு ரூபா டேபிள்ல ஆடுறவங்களை ஜெயிக்க ஏதோ கணக்கு இருக்காமே, அதைக் கொஞ்சம் சொல்லேன்" என்றார். கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அதில் இரண்டு பாதி உண்டு. எல்லோரும் முதல் பாதியை மட்டும்தான் கேட்கிறார்கள். இங்கே இரண்டையும் தருகிறேன்.

முதலில் சட்டம்

ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்ததால், தமிழக அரசு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022ல் ஒரு குழு அமைத்தது. அதன் பிறகு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2023 ஏப்ரலில் கவர்னரின் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2025 பிப்ரவரியில் வந்த தமிழக அரசின் ஒழுங்குமுறை, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை விதித்தது.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற அந்த நீண்ட வாதத்தை மத்திய அரசின் சட்டம் ஓரங்கட்டிவிட்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குபடுத்தல் சட்டம், திறமை ஆட்டமாக இருந்தாலும் அதிர்ஷ்ட ஆட்டமாக இருந்தாலும், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. அதை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் அந்த மாதமே பண டேபிள்களை மூடின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டன. ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் பயிற்சிகள் எல்லாம் பணம் இல்லாத சிப்ஸுக்கு மட்டுமே.

ஒற்றையா, இரட்டையா?

போக்கருக்குப் போகும் முன் நம் ஊர் விளையாட்டு ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் கைக்குள் புளியங்கொட்டைகளை மூடி வைத்துக்கொண்டு "ஒற்றையா, இரட்டையா" என்று கேட்பார். மற்றவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கொட்டை அவருக்கு. தவறினால் அவர் அதே அளவு கொடுக்க வேண்டும்.

இதில் தோற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. எந்த ஒழுங்கும் இல்லாமல் பாதி தடவை ஒற்றை, பாதி தடவை இரட்டை என்று சொல்லுங்கள். எதிராளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நீண்ட ஆட்டத்தில் உங்களை அவரால் ஜெயிக்க முடியாது. ஆனால் நீங்களும் ஜெயிக்க மாட்டீர்கள்.

ஜெயிக்க வேண்டுமானால் எதிராளியின் பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். அவர் 100 தடவையில் 70 தடவை ஒற்றைப்படையாக வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எப்போதும் ஒற்றை என்றே சொன்னால் 70 தடவை சரி, 30 தடவை தவறு. நல்ல லாபம். ஆனால் அவர் இதைக் கண்டுபிடித்து இரட்டைக்கு மாறிவிட்டால், நீங்கள் விழிப்பதற்குள் வரிசையாகத் தோற்பீர்கள். அடுத்தவரின் பழக்கத்தைப் பிடிக்கப் போகும் கணமே நமக்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையின் மையமே இதுதான்.

தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன் 1953ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதே வகை ஆட்டத்துக்கு ஒரு இயந்திரம் செய்தார். எதிரில் ஆடும் மனிதர் ஜெயித்த பிறகு என்ன செய்கிறார், தோற்ற பிறகு என்ன செய்கிறார் என்பதை மட்டும் அது நினைவில் வைத்துக்கொண்டது. மனிதர்கள் தாங்கள் ஒழுங்கில்லாமல் ஆடுவதாக நினைத்துக்கொண்டு ஒரே தடத்தில் போவார்கள் என்பதால், அந்தச் சின்ன நினைவே அதற்குப் போதுமானதாக இருந்தது.

போக்கர், சுருக்கமாக

அதிகம் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் 2 மூடிய சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு, முதலில் 3, பிறகு 1, கடைசியில் 1 என்று திறக்கப்படும். இந்த 7ல் சிறந்த 5 சீட்டுதான் உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் சுற்றி வரும். அப்போது நீங்கள் செய்யக்கூடியவை மூன்று: மடிந்துவிடலாம், அதாவது ஃபோல்டு, அதே தொகையைப் போட்டுத் தொடரலாம், அதாவது கால், தொகையை ஏற்றலாம், அதாவது ரெய்ஸ். நல்ல கை இல்லாமலே பந்தயம் ஏற்றி மற்றவர்களை மடிய வைப்பதுதான் பிளஃப். ஆட்டம் நகர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் இருவர் சீட்டைப் பார்க்காமலே ஒரு சிறு தொகை கட்டாயமாகப் போட வேண்டும். அதன் பெயர் பிளைண்டு.

முதல் 2 சீட்டு மொத்தம் 1,326 விதமாக வரலாம். அதில் ஏஸ் ஜோடி வெறும் 6 விதம். அதாவது 221 தடவைக்கு ஒரு தடவைதான் ஏஸ் ஜோடி கிடைக்கும். இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், கீழே உதவும்.

நான்கு வகை ஆட்கள்

எதிராளியைக் கணக்கெடுக்க இரண்டே கேள்விகள் போதும்.

1. 100 ஆட்டத்தில் எத்தனையில் அவராகவே விரும்பிப் பணம் போடுகிறார்? பிளைண்டு கட்டாயம் என்பதால் அதைச் சேர்க்கக் கூடாது.

2. அப்படிப் போடும்போது எத்தனை தடவை ரெய்ஸ் செய்கிறார், எத்தனை தடவை பேசாமல் கால் செய்கிறார்?

இந்த இரண்டு பதிலில் நான்கு வகை ஆட்கள் கிடைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் கால் செய்பவர்: 100ல் 62 ஆட்டத்துக்கு வருகிறார், ரெய்ஸ் 5தான். இவரிடம் பிளஃப் செய்யக் கூடாது. மடிய வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. நல்ல கை வரும்வரை பொறுத்து, வந்ததும் வழக்கத்தைவிடப் பெரிதாகப் பந்தயம் வையுங்கள். கால் செய்வார். ஒரு நாள் இவரே ரெய்ஸ் செய்தால் உடனே விலகிவிடுங்கள்.

பயந்து ஆடுபவர்: 100ல் 12, ரெய்ஸ் 3. இவரிடம் சிறு சிறு பந்தயத்தால் அடிக்கடி பணத்தை எடுக்கலாம். எதிர்த்து நின்றார் என்றால் கையில் ஏதோ இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுபவர்: 100ல் 58, ரெய்ஸ் 41. முன்பு சொன்ன 221ஐ இங்கே பொருத்திப் பாருங்கள். இத்தனை தடவை ஏற்றுபவருக்கு அத்தனை தடவையும் பெரிய கை வந்திருக்க முடியாது. இவரிடம் நாம் ஏற்ற வேண்டியதில்லை. சுமாரான கை இருந்தாலே கால் செய்து, அவரே பணம் போடும்படி விட வேண்டும்.

தெரிந்து ஆடுபவர்: 100ல் 21, ரெய்ஸ் 17. தேர்ந்தெடுத்து வருகிறார், வந்தால் ஏற்றுகிறார். இவரிடமிருந்து எடுக்க அதிகம் இல்லை. பெரிய மோதலைத் தவிர்ப்பதே லாபம்.

பிளஃப்புக்கு ஒரு சின்னக் கணக்கு

நடுவில் 100 சிப்ஸ் இருக்கிறது. நீங்கள் 50 சிப்ஸ் வைத்து பிளஃப் செய்கிறீர்கள். எதிராளி மடிந்தால் 100 லாபம். கால் செய்தால் 50 நஷ்டம். மூன்றில் ஒரு தடவை அவர் மடிந்தாலே வரவும் செலவும் சரியாகிவிடும்.

பயந்து ஆடுபவர் 10ல் 6 தடவை மடிவார் என்றால், 10 தடவைக்கு 600 வரவு, 200 செலவு. ஒரு பிளஃப்புக்குச் சராசரி 40 லாபம். எல்லாவற்றுக்கும் கால் செய்பவர் 10ல் 1 தடவைதான் மடிவார் என்றால், 100 வரவு, 450 செலவு. ஒரு பிளஃப்புக்கு 35 நஷ்டம். அதே சீட்டு, அதே பந்தயம். மாறியது ஆள் மட்டும்தான்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுவது எப்படி?

1. எக்செல் அல்லது கால்க் திறந்து முதல் வரிசையில் பெயர், பார்த்த ஆட்டம், பணம் போட்டது, ரெய்ஸ் செய்தது என்று ஏ முதல் டி வரையான நான்கு பத்திகளுக்குத் தலைப்பு கொடுங்கள்.

2. இரண்டாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு எதிராளிக்கும் ஒரு வரிசை. ஆட்டம் முடிய முடிய எண்ணை ஏற்றிக்கொண்டே வாருங்கள்.

3. இ2 கட்டத்தில் சமக்குறி போட்டு, பிறகு சி2, சாய்வுக் கோடு, பி2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பத்தியின் எழுத்துகளைத் திரையில் இருப்பதுபோல ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். மேலே உள்ள சதவீதக் குறியைக் கிளிக் செய்தால் விகிதம் சதவீதமாகத் தெரியும்.

4. எஃப்2 கட்டத்தில் அதேபோல டி2ஐ பி2ஆல் வகுக்கவும்.

5. இரண்டு கட்டத்தையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் கணக்கு வந்துவிடும்.

6. மறக்காமல் உங்கள் பெயருக்கும் ஒரு வரிசை போடுங்கள். இதுதான் மிக முக்கியமான வரிசை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எத்தனை ஆட்டம் பார்த்தால் போதும்?

10 ஆட்டம் பார்த்துவிட்டு ஒருவரை எடைபோடக் கூடாது. 100க்கு 25 ஆட்டம் மட்டும் ஆடும் நிதானமான ஆள்கூட, சீட்டு நன்றாக விழுந்தால் ஏதாவது ஒரு 10 ஆட்டத்தில் 5 அல்லது அதற்கு மேல் ஆடிவிட 8 சதவீத வாய்ப்பு இருக்கிறது. டேபிளில் இப்படி 5 பேர் இருந்தால், அவர்களில் ஒருவராவது உங்கள் கண்ணுக்கு அவசரக்காரராகத் தெரிய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 100 ஆட்டம் பார்த்த பிறகுகூட அந்த 25 என்ற எண் 16 முதல் 34 வரை எங்கேயாவது நிற்கலாம். தொழிற்சாலையில் பத்து உதிரி பாகத்தை அளந்துவிட்டு மெஷின் சரியில்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை அல்லவா? அதே கதைதான்.

கம்ப்யூட்டர்கள் என்ன செய்தன?

கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 1990களிலேயே எதிராளியின் பழக்கத்தைக் கணக்கெடுத்து ஆடும் போக்கர் புரோகிராம்களை எழுதினார்கள். 2015ல் அதே பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் என்ற புரோகிராம், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டம் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட முழுத் தீர்வையே கண்டது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரடஸ், பிட்ஸ்பர்க் நகரில் 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. லிப்ரடஸ் எதிராளிகளின் பலவீனத்தைத் தேடி ஆடவில்லை. ஒற்றையா இரட்டையாவில் பாதிக்குப் பாதி சொல்வதுபோல, யாராலும் பிடிக்க முடியாத ஆட்டத்தை ஆடியது. பகலில் எதிராளிகள் எங்கே குடைந்தார்களோ, இரவில் தன்னுடைய அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது. அடுத்தவர் குறையைத் தேடும் முன் தன் குறையை அடைப்பது அதன் பாணி.

இரண்டாவது பாதி: சின்னப் பணம் சின்னதா?

இப்போது ஃபிட்டர் அண்ணன் கேட்காத பாதிக்கு வருவோம். பண டேபிள்கள் இருந்த காலத்தில், நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். அதன் பெயர் ரேக். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பிளைண்டு. 6 பேர், ஆளுக்கு 200 ரூபாய், மொத்தம் 1,200. ஒரு ஆட்டத்தில் நடுவில் சேர்வது சராசரி 40 ரூபாய், ரேக் 5 சதவீதம், அதாவது 2 ரூபாய். மணிக்கு 60 ஆட்டம்.

ஒரு மணி நேரத்தில் போவது 120 ரூபாய். பத்து மணி நேரத்தில் 1,200. அதாவது டேபிளில் இருந்த மொத்தப் பணமும் போய்விடும். ஆறு பேரும் சம திறமைசாலிகளாக இருந்தாலும் ஆளுக்கு மணிக்கு 20 ரூபாய் நஷ்டம். தினம் 2 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 1,000 ரூபாய். "பெரிசா ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல" என்று சொல்லிக்கொள்பவரின் கணக்கு இது. நான்கு டேபிளைச் சேர்த்துத் திறந்தால் 4,000. சிப்காட்டைச் சுற்றி ஒரு அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் பையன்களுக்கு இது சின்னப் பணம் இல்லை.

இதற்கு மேல் 2023 அக்டோபர் 1 முதல், போடும் பணத்தின் முழு மதிப்பின் மீது 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. மேலே சொன்ன நான்கு வகை உத்தியால் மற்றவர்களைவிட நன்றாக ஆடினால் மட்டும் போதாது. ரேக்கையும் வரியையும் தாண்டும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். அதோடு எதிரில் இருப்பது ஒரு ஆளா, புரோகிராமா, பேசி வைத்துக்கொண்ட இருவரா என்பது திரையில் தெரியாது. 2007ல் அப்சல்யூட் போக்கர் என்ற வெளிநாட்டு ஆன்லைன் போக்கர் தளத்தில், உள்ளேயிருந்த ஒருவர் மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்த்தே ஆடியது வெளிவந்தது. அப்படிப்பட்ட எதிராளிக்கு ஏற்ப மாற்ற எந்த உத்தியும் கிடையாது.

உங்கள் வரிசையைப் பாருங்கள்

ஸ்ப்ரெட்ஷீட்டில் உங்கள் பெயருக்கு ஒரு வரிசை போடச் சொன்னேன் அல்லவா? இரண்டு தடவை தோற்ற பிறகு உங்கள் சதவீதம் என்ன ஆகிறது என்று பாருங்கள். 25ல் இருந்தவர் 50க்கு ஏறியிருப்பார். போக்கர் ஆடுபவர்கள் இதை டில்ட் என்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று ஆடுபவர் எந்த வகை ஆள் என்பதை மேலே உள்ள பட்டியலே சொல்லிவிடும். அவரைத்தான் மற்ற எல்லோரும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் பழக

போக்கர் டிஎச் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். லோக்கல் கேம் என்பதைத் தேர்வு செய்தால், இன்டர்நெட் இல்லாமலே கம்ப்யூட்டர் எதிராளிகளோடு ஆடலாம். பணம் கிடையாது. 100 ஆட்டம் ஆடி, ஒவ்வொரு கம்ப்யூட்டர் எதிராளியும் எந்த வகை என்று கணக்கெடுங்கள். வீட்டில் நான்கு பேர் இருந்தால் புளியங்கொட்டையையே சிப்ஸாக வைத்து ஆடலாம்.

ஒரு எச்சரிக்கை. பண ஆட்டம் என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். அதில் வரும் ஏபிகே ஃபைலை மொபைலில் ஏற்றினால், உங்கள் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் அடுத்தவர் கைக்குப் போகலாம். முதலில் சிறு தொகை ஜெயிக்க வைத்து, பிறகு பெரிய தொகை போடச் சொல்வது இவர்களின் வழக்கமான முறை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கணக்கெடுக்கும் இந்தப் பழக்கம் சீட்டோடு நிற்பதல்ல. மாதச் செலவையோ கடை வியாபாரத்தையோ இதே ஷீட்டில் இதே முறையில் போட்டுப் பாருங்கள். நாம் நினைப்பது ஒன்றாகவும், எண்கள் சொல்வது வேறாகவும் இருக்கும் இடங்கள் தானாகத் தெரியவரும்.